எல்லாத்தோடயும் போகும் கலர்: பெண்ணுடையின் இலக்கணமும் அதன் விலக்குகளும்

1

பெண்கள் பத்திரிகைகளில் ஒரு பிரதி திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வருகிறது. எழுதுபவர் பெயர் மாறும், பத்திரிகை மாறும், பிரதி மாறாது. ‘உங்கள் பீரோவில் கட்டாயம் இருக்க வேண்டிய பத்து’ என்பதாக அது தொடங்கும். ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கறுப்பு பேன்ட், ஒரு கருநீல ஜீன்ஸ், பழுப்பில் ஒரு மேல்கோட்டு. தமிழுக்கு வரும்போது மேல்கோட்டு விழுந்துவிடும். கறுப்பு லெக்கிங்ஸ், வெள்ளை குர்தி, ஒரு கறுப்பு ஜாக்கெட், ஒரு கோல்டு கலர் ஜாக்கெட் என்று பட்டியல் வேறாகும். இவற்றுக்கு ‘பேசிக்ஸ்’ என்று பெயர். இவை இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் போட்டு மாதம் முழுக்க ஓட்டலாம் என்கிறது பிரதி.

இதைப் பற்றி நம் பக்கங்களில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். ‘இதெல்லாம் ஒரு விஷயமா தோழர்?’ என்கிற கேள்வி எனக்குக் கேட்கிறது. நாவலில் வரும் ஒரு வாக்கியத்தை வைத்துப் பத்துப் பக்கம் எழுதுகிறோம். பாதிச் சனத்தொகை தினமும் காலையில் கண்ணாடிமுன் நின்று தன் உடம்பின்மேல் எழுதிப் பார்க்கிற வாக்கியம் விமர்சனத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது யார் போட்ட விதி? அற்பம் என்று ஒதுக்கப்படுபவற்றின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதில் பெரும்பாலும் பெண்களின் வேலைகளே இருக்கும். கோலம், சமையல், துணி மடிப்பது, துணி எடுப்பது. ஆகவே முதலில் பிரதியை வாசிப்போம்.

2

ரோலான் பார்த் 1967இல் வெளியிட்ட ‘மோஸ்தரின் ஒழுங்கமைப்பு’ என்ற நூலில் இதைத்தான் செய்தார். 1958 ஜூன் முதல் 1959 ஜூன் வரை வந்த ‘எல்’, ‘ழார்தேன் தெ மோத்’ ஆகிய இரு பத்திரிகைகளை எடுத்துக்கொண்டார். படமாகக் காட்டப்படும் உடை, எழுத்தில் வரும் உடை, நிஜத்தில் தைத்து உடுத்தப்படும் உடை என மூன்றைப் பிரித்து, எழுத்தில் வரும் உடையை மட்டும் ஆராய்ந்தார். ‘இதோடு இது சேர்ந்தால் இன்ன பொருள்’ என்பதே மோஸ்தரின் வாக்கிய அமைப்பு. ‘வெள்ளைச் சட்டையை ஜீன்ஸோடு போட்டால் விடுமுறை, கறுப்பு பேன்டோடு போட்டால் ஆபீஸ்’ என்பது வர்ணனை மாதிரித் தெரிந்தாலும் அது கட்டளை. கட்டளையை இயற்கையின் விதி போல ஒலிக்கச் செய்வதில்தான் அந்த எழுத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

பார்த் தந்த கருவியைக் கொண்டு ‘பேசிக்ஸ்’ என்ற சொல்லைத் தொட்டுப் பார்க்கலாம். இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று கீழுடை, நான்கு மேலுடை, இரண்டு துப்பட்டா என்றால் மொத்தம் ஒன்பது துணி. பெருக்கினால் இருபத்து நான்கு சேர்க்கை. ஆனால் இந்தப் பெருக்கல் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. எந்தத் துணியும் எந்தத் துணியோடும் சண்டை போடக் கூடாது. கிளிப்பச்சையில் ஒரு கீழுடை வந்து சேர்ந்தால் கணக்கு அப்போதே உடைந்துபோகும். அதனால்தான் பட்டியல் முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சாம்பல், கருநீலம், பழுப்பு என்று போகிறது. அழகு கருதி இந்த நிறங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் பிரதி சொல்கிறது. பெருக்கலுக்குத் தேவைப்பட்டதால் வந்தவை இவை. ‘நடுநிலை நிறம்’ என்ற பெயர் அதற்குப் பிறகு சூட்டப்பட்டது.

இந்தக் கணக்குக்கு வரலாறும் உண்டு. 1926இல் அமெரிக்க ‘வோக்’ இதழ் ஷனேலின் எளிய கறுப்பு உடை ஒன்றின் சித்திரத்தை வெளியிட்டபோது அதை ஃபோர்டு காரோடு ஒப்பிட்டது. ஒரே அச்சு, ஒரே நிறம், எல்லாருக்கும் என்பது ஒப்பீட்டின் பொருள். அதுவரை ஐரோப்பாவில் கறுப்பு என்பது துக்கம் காப்பவர்கள் உடுத்தியது, கடைச் சிப்பந்திகளும் வீட்டு வேலைக்காரிகளும் உடுத்தியது. மேலே ஏறியதும் அது ‘நேர்த்தி’ ஆனது. 1970களில் லண்டனில் சூசி ஃபாக்ஸ் என்ற கடைக்காரர் சில துணிகளே அடங்கிய சிறு தொகுப்பு என்ற யோசனையைப் பரப்பினார். 1985இல் நியூயார்க்கில் டோனா கரன் ஏழு துண்டுகளைக் கொண்ட தன் தொகுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெண்கள் அலுவலகங்களின் மேல்படிகளில் ஏறத் தொடங்கிய காலம் அது. ஆண்களுக்கு கோட்டும் சூட்டும் தந்த கவலையின்மையைப் பெண்ணுக்கும் தருவது என்ற அளவில் அதில் ஒரு விடுதலை அம்சம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. எந்த அலுவலகம், யாருடைய உடம்பு என்ற கேள்வியை மட்டும் அந்தத் தொகுப்பு கேட்டுக்கொள்ளவே இல்லை.

கேட்காமல் விட்டதன் விளைவை 1980இல் கேரல் ஜாக்ஸன் எழுதிப் பெருவாரியாக விற்ற ‘கலர் மீ பியூட்டிஃபுல்’ நூலில் பார்க்கலாம். தோல், கண், முடி நிறத்தை வைத்துப் பெண்களை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்களாக அது பிரித்தது. வெள்ளைத் தோலுக்குள் எத்தனை நுணுக்கமான வேறுபாடுகள்! கறுப்பின, ஆசியப் பெண்களுக்கு வரும்போது பெரும்பாலானவர்கள் ‘குளிர்காலம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போய்விட்டார்கள். குளிர்காலத்தையே காணாத ஊர்க்காரிகளான நாம் அனைவரும் குளிர்காலம். மையத்துக்கு நான்கு பருவம், விளிம்புக்கு ஒன்று.

3

நம்மிடம் வேறொரு நிற இலக்கணம் இருந்தது, இருக்கிறது. புடவைக் கடையில் போய் நின்றால் பெயர்களைக் கேட்கலாம்: அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, சந்தனம். எல்லாமே ஏதோ ஒரு பொருளைச் சுட்டிக்கொண்டு நிற்பவை. மயில்கழுத்து என்று ஒரு நிறமே இல்லை. இரண்டு நிற நூல் பாவிலும் ஊடையிலும் குறுக்கே ஓடும்போது அசைவில் தெரிகிற ஒரு சம்பவம் அது. பேரிலேயே ஒரு சேர்க்கை ஒளிந்திருக்கிறது.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்கு வாடாமல்லிக் கரை. ‘ஒரே ஒரு அழுத்தமான நிறம், மற்றதெல்லாம் நடுநிலை’ என்ற மேற்கத்திய விதியை இது மதிப்பதே இல்லை. இரண்டு அழுத்தமான நிறங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. நிற்பதற்குக் காரணம் தறி. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவரால் முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பல காலம் குழந்தையாகவே இருந்திருக்கிறார். ஆக ‘காண்ட்ராஸ்ட்’ என்று கடையில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிற அழகில் இரண்டு உடம்புகளின் உழைப்பு சேர்ந்திருக்கிறது. நம் மரபு என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் அந்தச் சிறு கையையும் சேர்த்தே கொண்டாட வேண்டியிருக்கும்.

ஆனால் அழுத்தமான நிறம் எல்லா உடம்பிலும் ஒன்றுபோல வாசிக்கப்படுவதில்லை. அரக்கும் பச்சையும் பட்டில் கல்யாண மேடையில் வந்தால் ‘பாரம்பரியம்’. அதே அரக்கும் பச்சையும் பாலியெஸ்டரில் கட்டட வேலைக்குப் போகிறவள் மேல் வந்தால் ‘அடிக்கிற கலர்’, ‘பட்டிக்காட்டுக் கலர்’. இன்னும் மோசமான, சாதியைச் சுட்டும் வசைகளும் உண்டு, அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. ‘கரகாட்டக்காரன்’ (1989) வந்து ஓடிய காலத்துக்குப் பிறகு பளிச்சென்ற சட்டை போட்ட எவரையும் ‘ராமராஜன் கலரு’ என்று கேலி செய்வது நகரத்துப் பேச்சில் நிலைத்துப்போனது. கேலி அந்த நடிகரோடு நிற்கவில்லை. ‘நீ ஊர்லேருந்து வந்தவன்னு தெரியுது’ என்பதை ஒரே சொல்லில் சொல்லும் வசதி அது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ‘லைட் கலரா எடும்மா, அதான் டீசன்ட்டா இருக்கும்’ என்று விற்பனைப் பெண் சொல்லும்போதும், ‘உன் கலருக்கு இது எடுக்காதுடி’ என்று அம்மாவோ அத்தையோ சொல்லும்போதும், பேசுவது துணியைப் பற்றி இல்லை. கறுத்த தோல் தன்னை மங்கலான துணிக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும், கவனத்தைக் கோரக் கூடாது என்ற பழைய உத்தரவு அது. உண்மையில் கறுத்த தோலில் மாம்பழ மஞ்சளும் வாடாமல்லியும் எடுக்கிற எடுப்பு வெளுத்த தோலில் எடுப்பதில்லை. கண் இருக்கிற யாருக்கும் தெரிகிற விஷயம். கண்ணை மூடிக்கொண்டுதான் ‘எடுக்காது’ என்று சொல்ல முடியும்.

4

சேர்க்கையின் விதி எப்போதும் அழகியலாகவே வந்ததில்லை, அரசாணையாகவும் வந்திருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. தோள்சீலைக் கலகத்தின் வரலாற்றை நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் அதன் ஆணைகளை உடை பற்றிய பிரதிகளாக வாசித்ததில்லை. 1829ஆம் ஆண்டுப் பிரகடனம் கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், மேல்சீலை போடக் கூடாது என்றது. 1859 ஜூலையில் வந்த பிரகடனம் இன்னும் தாராளம் காட்டியது. குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த விதத்தில் வேண்டுமானாலும் மார்பை மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் கூடாது என்பதே அதன் சாரம்.

கவனியுங்கள். துணி அனுமதிக்கப்படுகிறது, உடலை மூடுவது அனுமதிக்கப்படுகிறது. ‘போல’ என்பது மட்டும் மறுக்கப்படுகிறது. அதிகாரம் துணியை விட்டுக்கொடுத்துவிட்டு உடுத்தும் முறையைக் கையில் வைத்துக்கொள்கிறது. பாணி என்று நாம் லேசாகச் சொல்வது அதுதான்.

அம்பேத்கருக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. 1927 டிசம்பரில் மகத்தில் கூடிய பெண்களிடம் பேசும்போது அவர் புடவையின் விலையைப் பற்றிப் பேசவில்லை, கட்டும் முறையைப் பற்றிப் பேசினார். பார்த்ததும் தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும்படி முழங்காலுக்கு ஏற்றிக் கட்டுவதை விடுங்கள், உயர்சாதிப் பெண்கள் கட்டுவது போலவே நீளமாகக் கட்டுங்கள், கனத்த வெள்ளி நகைகளைக் கழற்றுங்கள் என்றார். பெண்கள் உடனே மாற்றிக் கட்டினார்கள். 1859 எந்தப் ‘போல’வைத் தடுத்ததோ அதே ‘போல’வை 1927 எடுத்துக்கொண்டது. உயர்சாதியை நகலெடுப்பதா என்று இதைக் கேட்கிறவர்கள் உண்டு. ஒரு குறி சிலருக்கு மட்டும் சொந்தமாக இருக்கும்வரைதான் அது சாதியின் குறி. எல்லாரும் அதை எடுத்து உடுத்தத் தொடங்கியதும் அது வெறும் புடவைக்கட்டு.

‘மரபான புடவை’ என்பதும் அப்படி ஒன்றும் ஆதியிலிருந்து வந்துவிடவில்லை. தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி 1860களில் பம்பாய் போய்வந்து, உள்பாவாடையும் ரவிக்கையும் சேர்த்துக் கட்டும் முறையை வங்காளத்தில் பரப்பினார். வீட்டை விட்டு வெளியே வரப் பெண்ணுக்கு ஓர் உடை வேண்டியிருந்தது. நாம் இன்றும் அந்த மேல்துணியை ‘ஜாக்கெட்’ என்றே கூப்பிடுகிறோம். பண்பாட்டுக் காவலர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று கேட்கலாம்.

5

இனி, பத்திரிகைப் பட்டியலுக்கு வெளியே ‘பேசிக்ஸ்’ எப்படி வாழ்கிறது என்று பார்க்கலாம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பண்டிகைக்கும் பழசு கழிப்பதற்கும் புடவை கிடைக்கும். ஜாக்கெட் கிடைக்காது, கிடைத்தாலும் அளவு சேராது. ஆறு வீட்டுப் புடவைகள், ஆறு விதமான ருசி. இவற்றை ஒரே உடம்பில் சேர்த்தாக வேண்டும். எங்கள் தெருவில் வேலை செய்யும் ஓர் அக்கா இதற்கு வைத்திருக்கும் இலக்கணம் எந்தப் பத்திரிகைக்கும் குறைந்ததில்லை. ‘கருப்பு ஒண்ணு, அரக்கு ஒண்ணு, சந்தனம் ஒண்ணு. மூணு இருந்தா எந்தச் சீலைக்கும் போயிரும். பார்டர்ல இருக்குற கலரைப் பாக்கணும், ஒடம்புல இருக்குறத பாக்கக் கூடாது. பூப்போட்ட சீலைன்னா உள்ளுக்குள்ள எந்தக் கலரு கம்மியா இருக்கோ அதுல ஜாக்கெட் போட்டா எடுத்துக் காட்டும்.’

இந்த நான்கு வாக்கியத்தில் ஒரு முழுக் கோட்பாடு இருக்கிறது. அடங்கியிருக்கும் சிறிய நிறத்தை எடுத்துப் பெரிதாக்குவது. உடலுக்கு உடல் பொருத்துவதை விட்டுவிட்டுக் கரையிலிருந்து பொருத்துவது. விளிம்பைக் கொண்டு மையத்தை வாசிப்பது. இதைச் சொல்ல நமக்கு வெளியிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். எல்லாத்தோடயும் போகும் கறுப்பு ஜாக்கெட்டை இந்த அக்கா ஷனேலிடமிருந்து கற்கவில்லை. இல்லாமையிலிருந்து கற்றார். ஆனால் இல்லாமை மட்டுமே இதைச் செய்துவிடாது. சேர்த்துப் பார்த்து ‘நல்லாருக்கு’ என்று தனக்குள் சொல்லிக்கொள்கிற ஒரு கண் வேண்டும். ஏழைப் பெண்ணின் அழகுணர்வைச் சிக்கனத்தின் கணக்காக மட்டும் குறுக்குவதும் ஒரு வன்முறைதான்.

பத்திரிகையின் பத்து உருப்படிக்கும் அக்காவின் மூன்று ஜாக்கெட்டுக்கும் கணக்கு ஒன்றே. குறைந்த பொருள், நிறைய சேர்க்கை. வித்தியாசம் எங்கே என்றால், பத்திரிகை ‘வாங்கு’ என்ற வினையில் தொடங்குகிறது. இருப்பதை வைத்துச் சமாளி என்று சொல்லும் பிரதிகூட முதலில் பத்தை வாங்கச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்கிறது. அக்காவின் இலக்கணம் கையில் ஏற்கனவே கிடப்பதிலிருந்து தொடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. பத்திரிகையின் பட்டியலில் பெண்ணுடைக்குப் பாக்கெட் அநேகமாக இருப்பதில்லை. எல்லாத்தோடயும் போகும் உடையில் பத்து ரூபாய் வைக்க இடமில்லை. அக்கா இடுப்பில் சுருக்குப்பை செருகியிருக்கிறார்.

6

பார்த் ஒதுக்கி வைத்த மூன்றாவது உடை, தைக்கப்படும் உடை, நமக்கு ஒதுக்கிவைக்கக் கூடியதில்லை. அது பாரிஸுக்குத் தூரமாக இருக்கலாம், நமக்கு நாலு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. உலகத்தின் வெள்ளை டீ-சர்ட்டுகளில், கறுப்பு லெக்கிங்ஸில் ஒரு பங்கு திருப்பூரில் பின்னப்பட்டது. ‘நடுநிலை’யான வெள்ளைக்கு வெளுப்பும் கறுப்புக்குச் சாயமும் வேண்டும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காக 1992இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அந்த அணையின் தண்ணீர் எந்தப் பயிருக்கும் ஆகாமல் போனது. விவசாயிகள் வருடக்கணக்காக வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கலர் காம்பினேஷன் பற்றி எழுதுகிறவர்கள் ஆற்றில் கலந்த கலரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கட்டும்.

நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித்துகளும் மிகவும் ஏழைகளும், விடுதிக்குள் பூட்டப்பட்டு மூன்று வருடம் வேலை வாங்கப்பட்டார்கள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு என்று. ஒரு பெண் மூன்று வருடம் நூல் நூற்றால் இன்னொரு பெண்ணுக்கு முப்பது விதமாக உடுத்தலாம். நூற்றவளுக்கு ஒரு கல்யாணப் புடவை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன்பின் தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் ஒரு தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில், பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிராக உற்பத்தியாளரையும் பன்னாட்டுக் கம்பெனியையும் கட்டுப்படுத்துகிற திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. நம் காலத்தின் உடை பற்றிய பிரதிகளில் இது முக்கியமானது என்பது என் கருத்து. நம் விமர்சகர்கள் இதை வாசிக்கவில்லை.

7

கடைசியாக நம்முடைய உடுப்புக்கு வருகிறேன். இயக்கக் கூட்டங்களில் பெண்களுக்கு என்று எழுதப்படாத ஒரு பட்டியல் இருக்கிறது. கைத்தறிப் புடவை, காதி குர்தா, ஜோல்னாப்பை, மண்ணின் நிறங்கள். லிப்ஸ்டிக் கூடாது. பளபளப்பு கூடாது. அதுவும் ஒரு ‘பேசிக்ஸ்’ பட்டியல்தான், அதுவும் ‘லைட் கலர் டீசன்ட்’ என்கிற அதே விதியைத்தான் சொல்கிறது. பாலியெஸ்டரில் ஜரிகை போட்ட வாடாமல்லிப் புடவையோடு வந்து உட்கார்கிற ஒரு பெண்ணைப் பார்த்து நம் தோழர்களின் கண்ணில் ஒரு சின்ன இரக்கம் வரும். ‘இன்னும் விழிப்பு வரலை’ என்கிற இரக்கம். அவர் வேலை முடித்து, இருப்பதிலேயே நல்லதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கூட்டத்துக்கு மரியாதை செய்திருக்கிறார். எளிமையாக உடுத்துவது என்பது, நல்லதாக உடுத்த முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறவர்கள் மட்டும் காட்டக்கூடிய செல்வம்.

பெரியார் இந்த விஷயத்தில் வேறு பக்கம் நின்றார். பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளட்டும், லுங்கியும் சட்டையும் போட்டுக்கொள்ளட்டும் என்றார். உடுத்தவும் சீவவும் ஆகிற நேரம் பெண்ணிடமிருந்து திருடப்பட்டது என்ற கோபம் அதில் இருக்கிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அவருடைய தொண்டர்கள் போட்ட கறுப்புச் சட்டையையும் நினைத்துப் பார்க்கிறேன். 1946 மே மாதம் மதுரையில் கருஞ்சட்டைப் படை மாநாட்டுப் பந்தல் கொளுத்தப்பட்டது. அந்தக் கறுப்பு எதோடும் போகவில்லை. போகக் கூடாது என்பதற்காகவே போட்ட கறுப்பு. ஒரே நிறம் ஓரிடத்தில் நடுநிலை, இன்னோரிடத்தில் பந்தல் எரியக் காரணம். நிறத்துக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் லுங்கியும் சட்டையும் என்ற தீர்வு ஆணுடையை நடுநிலை என்று எடுத்துக்கொள்கிறது. ஆணுடையும் ஓர் உடைதான். அதைப் போட்டதும் பெண்ணுடல் பார்வையிலிருந்து விடுபட்டுவிடாது. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸையும் டீ-சர்ட்டையும் தடைசெய்தது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த ஆணை பெண்களுக்குப் புடவை, இல்லாவிட்டால் சல்வார், சுடிதார் என்றுவிட்டு ‘துப்பட்டாவோடு’ என்று சேர்த்தது. 1829இல் மேலே ஒரு துண்டுத் துணி போடக் கூடாது என்று ஆணை, 2019இல் போட்டே ஆக வேண்டும் என்று ஆணை. துணி அதே அளவுதான். இரண்டு ஆணையிலும் பெண்ணிடம் ‘உனக்கு எது வேணும்’ என்ற கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் நம் விமர்சனம் தொடங்க வேண்டும் என்கிறேன். உடையைப் பற்றிப் பேசினால் அற்பம், பேசாமல் இருந்தால் தீவிரம் என்ற எதிர்வை முதலில் கழற்றிப் போடுவோம். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்பதை அந்த அக்கா நமக்குச் சொல்லித் தரத் தயாராகத்தான் இருக்கிறார். கேட்கும்போது அவர் கூலியைப் பற்றியும், நூல் நூற்றவளின் கூலியைப் பற்றியும் சேர்த்துக் கேட்போம். அடுத்த கூட்டத்துக்கு வாடாமல்லியில் ஜரிகை போட்டு யார் வந்தாலும், அவர் பேசுவதை முதலில் கேட்போம். கலரைப் பற்றிப் பிறகு, அவருக்கு விருப்பம் இருந்தால், பேசிக்கொள்ளலாம்.